சிங்கப்பூர் வீட்டில் ஈரத்தோடு குடித்தனம்

கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருப்பதால் வரும் கார்த்திகையில் நான்கு வயதுக் குழந்தையோடு மதுரையிலிருந்து குடியேறப் போவதாகவும், மாமியாரும் வந்து சில மாதங்கள் தங்குவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். "சென்னை மாதிரிதான் இருக்கும், பழகிவிடும்" என்று எல்லாரும் சொல்வது உங்களுக்குப் போதவில்லை என்றும், வீட்டு நிர்வாகத்தில் எதற்கெல்லாம் ஆயத்தமாக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். இங்கே கட்டடப் பராமரிப்புத் துறையில் 17 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பள்ளிக்கூடம், வேலை அனுமதி போன்றவற்றை விளக்கப் பலர் இருக்கிறார்கள். ஆகவே வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி மட்டும், எனக்குத் தெரிந்த அளவில் விரிவாக எழுதுகிறேன்.

வெயிலைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. சித்திரையில் நீங்கள் பார்க்கும் வெயில் இங்கே ஒரு நாளும் அடிப்பதில்லை. இங்கே பதிவான மிக அதிக வெப்பநிலையே 37 டிகிரிதான். 1983-இலும் 2023-இலும் ஆக இரண்டு முறை மட்டுமே அது எட்டப்பட்டது. வழக்கமான நாளில் பகலில் 31 முதல் 33 வரை, இரவில் 24 அல்லது 25. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் மட்டுமே தள்ளியுள்ள ஊர் இது. மதுரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை என்றால் இங்கே 2,100 மில்லிமீட்டருக்கு மேல். வாரத்துக்கு மூன்று நாளாவது மழை பெய்யும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். நல்ல வெயிலுள்ள பிற்பகலில்தான் 60-ஐ ஒட்டி இறங்கும். நம் ஊரில் பங்குனி தொடங்கி ஆடி வரை வீடும் துணியும் தானியமும் தாமாகவே காய்ந்து, முந்தைய மழைக்காலத்து ஈரத்தை எல்லாம் விட்டுவிடும். அந்தக் காயும் காலம் இங்கே வருவதே இல்லை. குடித்தனம் நடத்துவதில் உள்ள வேறுபாடு முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

ஒரே ஒரு எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 24. காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பள்ளிப் பாடத்தில் பனிநிலை என்று படித்திருப்போம். சிங்கப்பூரில் அது இரவும் பகலும் 24 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அதாவது, 24-க்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மீது வெளிக்காற்று பட்டாலும் அது வியர்க்கும். குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டில் வியர்ப்பதைப் போலவே சுவரும் வியர்க்கும், அலமாரியின் முதுகும் வியர்க்கும், தரையும் வியர்க்கும். புதிதாக வருபவர்கள் புழுக்கம் தாங்காமல் படுக்கையறை ஏசியை 18-இல் வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். காலையில் அதை நிறுத்திவிட்டு, காற்று வரட்டும் என்று சன்னலைத் திறக்கிறார்கள். இரவெல்லாம் குளிர்ந்த சுவரின் மீது ஈரக்காற்று வந்து படிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய நீர்ப்படலத்தில் இரண்டு மூன்று வாரங்களில் கரும்புள்ளிகள் தோன்றும். ஏசி உள்ள அறைக்கு அடுத்த அறையில், அதே சுவரின் மறுபக்கத்தில், பூசணம் பிடிப்பதற்கும் காரணம் இதுதான். பலர் குழாய்க் கசிவு என்று நினைத்து ஆளைக் கூப்பிடுகிறார்கள். ஆகவே ஏசியை 25-க்குக் குறைக்காமல் வைத்து, மின்விசிறியையும் சேர்த்து ஓடவிடுங்கள். இங்குள்ள தேசியச் சுற்றுப்புற வாரியமும் மின்சாரச் சிக்கனத்துக்காக 25-ஐத்தான் பரிந்துரைக்கிறது. சுவருக்கும் அது நல்லது. காலையில் ஏசியை நிறுத்தியதும் சன்னலைத் திறக்காமல், அரை மணி நேரம் மின்விசிறியை மட்டும் ஓடவிட்டு, சுவர் சற்றுச் சூடேறிய பிறகு திறங்கள்.

அலமாரிகளைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். நான்கு விரல் இடைவெளி வேண்டும். வெளிச்சுவரையோ குளியலறைச் சுவரையோ ஒட்டிய அலமாரியில் பட்டுப் புடவை, சான்றிதழ், புகைப்படம் எதையும் வைக்க வேண்டாம். நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வந்த இரண்டாவது ஆண்டில், மார்கழி மாதம் முழுவதும் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து அலமாரியைத் திறந்தபோது, நனைந்த சாக்கின் வாடை முகத்தில் அடித்தது. தோல் பெல்ட்டின் மேல் விபூதி பூசியது போல வெண்சாம்பல் நிறத்தில் ஒரு படலம். விரலால் தொட்டால் பொடியாக ஒட்டியது. அப்பா எனக்கு எழுதிய கடிதங்களை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்திருந்தேன். அவற்றின் மடிப்புகளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து, இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தபோது மை ஒரு தாளிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விட்டது. அப்பா அப்போது உயிரோடு இல்லை. பெல்ட்டைத் துடைத்துவிடலாம், கடிதத்தை என்ன செய்வது? ஆகவே உங்கள் வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களையும் கடிதங்களையும் மூலச் சான்றிதழ்களையும் கூடுமானவரை மதுரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே கட்டாயம் தேவைப்படுகிறவற்றை, ரப்பர் விளிம்புள்ள இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அலமாரிக்குள் வைக்கக் கால்சியம் குளோரைடு நிரப்பிய சிறு ஈரம் உறிஞ்சிப் பெட்டிகள் எல்லாப் பேரங்காடிகளிலும் கிடைக்கும். அடியில் நீர் நிறைந்ததும் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் மூன்று நான்கு வாரத்துக்கு மேல் தாங்காது. அந்த நீர் உப்புக் கரைசல் என்பதால் புடவையிலோ தோல் பொருளிலோ கொட்டிவிடாமல், குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். கல்யாணப் பட்டுகளைப் பருத்தித் துணியில் சுற்றி, மாதம் ஒரு முறை பிரித்து மின்விசிறிக் காற்றில் போட்டு மடிப்பை மாற்றி வைத்தால் சரிகை கறுப்பது தள்ளிப்போகும்.

காலணி பற்றியும் ஒரு வார்த்தை. பாலியூரிதேன் அடிப்பாகம் உள்ள காலணிகள், அணியாமலே பெட்டியில் வைத்திருந்தால், ஈரக்காற்றோடு வேதிவினை புரிந்து உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடுகின்றன. விசேஷத்துக்கென்று எடுத்து அணிந்து நாலு அடி வைத்ததும் அடிப்பாகம் பிட்டுப் பிட்டாக உதிரும். நல்ல காலணிகளை எடுத்து வைப்பதைவிட அடிக்கடி அணிவதே அவற்றைக் காக்கும்.

இனி வாடகை ஒப்பந்தம். நீங்கள் பெரும்பாலும் வீவக வீடு ஒன்றில்தான், அதாவது அரசு அமைப்பான வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு ஒன்றில்தான், குடியேறுவீர்கள். அந்தக் கழகம் 1960-இல் தொடங்கப்பட்டது; இந்நாட்டுவாசிகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் அதன் வீடுகளில்தான் வாழ்கிறார்கள். அந்த வீடுகளை 6 மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விடக் கூடாது. முழு வீட்டை வெளிநாட்டவருக்கு விடுவதற்குப் பேட்டைக்கு 8 விழுக்காடு, ஒரு புளோக்குக்கு, அதாவது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு, 11 விழுக்காடு என்று உச்சவரம்பும் உண்டு. அதனால் பிடித்த வீடு கிடைத்தாலும், அந்த வரம்பு நிறைந்துவிட்டதா என்று கேட்ட பிறகே முன்பணம் கொடுங்கள். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரைத் தீர்வை வழக்கமாகக் குடியிருப்பவரின் பொறுப்பு. வேலை போய்விட்டாலோ வேறு நாட்டுக்கு மாற்றப்பட்டாலோ இடையில் விலகிக்கொள்ள அனுமதிக்கும் டிப்ளோமேட்டிக் கிளாஸ் (diplomatic clause) என்ற நிபந்தனை இரண்டாண்டு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று உங்கள் கணவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஈரத்தோடு தொடர்புள்ள பகுதி அதற்கடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏசியைச் சுத்தம் செய்து ரசீது வைத்திருக்க வேண்டும் என்று ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் எழுதியிருக்கும். இதைச் செலவாக எண்ணித் தள்ளிப்போடாதீர்கள். ஏசி காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் நீர் ஒரு மெல்லிய குழாய் வழியாக வெளியேறுகிறது. இந்த வெப்பத்தில் அந்தக் குழாய்க்குள் நுங்கு போன்ற ஒரு வழவழப்பான பாசி வளர்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு ஒரு நள்ளிரவில் கட்டில் மேல் சொட்டுச் சொட்டென்று நீர் விழும். நான் முதலில் குடியிருந்த வீட்டைக் காலி செய்தபோது, படுக்கையறைச் சுவரில் இருந்த பூசணக் கறைக்காக உரிமையாளர் வைப்புத்தொகையிலிருந்து 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே தமிழில் வெள்ளி என்போம்) பிடித்துக்கொண்டார். அந்தக் கறையில் பாதி நான் வருவதற்கு முன்பே இருந்தது. ஆனால் அதைக் காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை. சாவி வாங்கும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும், குளியலறை மேற்கூரையையும், கழுவுதொட்டியின் அடி அலமாரியையும், அலமாரிகளின் உட்புறத்தையும் தேதி தெரியும்படி படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். வீடு பார்க்கப் போகும்போதும் இதையே பாருங்கள். புதுச் சாயம் அடித்த ஒரே ஒரு சுவர் மட்டும் பளிச்சென்று இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்தால் காற்று ஊடுருவிப் போகிற வீடு, சற்றுப் பழையதாக இருந்தாலும், காற்று வராத புது வீட்டைவிட நல்லது.

துணி உலர்த்துவது இங்கே தனி வேலை. மொட்டைமாடி கிடையாது. பழைய புளோக்குகளில் சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளைச் செருகித் துணி காயப்போடுவார்கள். ஈரத்துணியோடு ஒரு கழியின் எடை உங்களை வியக்க வைக்கும், ஆகவே கிளிப் இல்லாமல் எதையும் வெளியே நீட்டாதீர்கள். உயரத்திலிருந்து விழுந்து கீழே போகிறவரைக் காயப்படுத்தக்கூடிய எந்தப் பொருளையும் இந்நாட்டுச் சட்டம் கடுமையாகப் பார்க்கிறது. சுமத்ரா தீவிலிருந்து கிளம்பி வரும் காற்றும் மழையும் விடியலுக்கு முன்பு, சொல்லாமல் கொள்ளாமல் அடிக்கும் என்பதால் இரவில் துணியை வெளியே விடவும் வேண்டாம். வீட்டுக்குள் காயப்போட்டால், ஒரு முறை துவைத்த துணியிலிருந்து 2 லிட்டருக்குக் குறையாத நீர் உங்கள் வீட்டுக் காற்றில்தான் சேரும். படுக்கையறையில் காயப்போடுவதை அடியோடு தவிருங்கள். பின்கட்டில் போட்டு, வீட்டுக்குள் வரும் கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து, ஒரு மேசை விசிறியை அதன் மேல் திருப்பிவிட்டால் மழைநாளிலும் ஆறேழு மணி நேரத்தில் காயும். அரைகுறையாகக் காய்ந்த துண்டை மடித்து வைத்தால் அந்த வாடை அலமாரி முழுவதற்கும் ஏறிவிடும்.

சமையலறையில் உங்களுக்குப் பெரிய துன்பம் இல்லை. இட்லி மாவுக்கு மதுரைக் கணக்கே போதும். இங்கே மார்கழிக் குளிர் இல்லாததால் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் பொங்கும் என்பது ஒரு வசதி. ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டுவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். மின்னழுத்தம் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், மோட்டார் ஓடும். நம் உருண்டைக் கம்பி பிளக்குக்குப் பதிலாக இங்குள்ள சதுரக் கம்பி பிளக்கைத் தெரிந்த ஆளைக் கொண்டு பொருத்திக்கொள்ள வேண்டும். மலிவான மாற்றுப் பிளக்கில் மாட்டி ஓட்டுவது ஆபத்து. கிரைண்டரும் கருவேப்பிலையும் முருங்கைக்காயும் தேக்கா சந்தையிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் கிடைக்கின்றன என்பதால் பெட்டியின் எடையை இவற்றுக்குச் செலவழிக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

மாற்றிக்கொள்ள வேண்டியது வாங்கும் அளவை. ஊரில் மூட்டையாக அரிசி வாங்கி, பருப்பை வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு வைக்கும் பழக்கம் இங்கே செல்லாது, ஏனென்றால் காயவைக்கும் வெயில் உங்கள் வீட்டுக்குள் வராது. அரிசியை 5 கிலோவாக வாங்குங்கள். பருப்பு, ரவை, கடலை மாவு ஆகியவற்றை வாங்கி வந்ததும் நான்கு நாள் குளிர்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்து எடுத்தால் உள்ளேயிருக்கும் வண்டு முட்டைகள் செத்துவிடும். வெளியே எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பொட்டலத்தைப் பிரியுங்கள், இல்லாவிட்டால் பருப்பும் வியர்க்கும். அப்பளம் ஒரே நாளில் நமுத்துவிடும். உப்பு சாடியில் நீர் விடும். காப்பித்தூள் ஒரு வாரத்தில் கட்டிப் பிடிக்கும். இவை மூன்றுக்கும் இறுக்கமான மூடி போதும். வடகமும் மாவடுவும் மதுரையிலேயே போட்டுக் கொண்டுவாருங்கள்.

ஆனால் கசகசாவை மட்டும் மறந்தும் கொண்டுவராதீர்கள். நம் வீட்டுக் குருமாவில் போடும் அதே கசகசா சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். தனியாக மட்டுமல்ல, அதைச் சேர்த்து அரைத்த மசாலாப் பொடியும் வேண்டாம். குருமாவுக்கு முந்திரியும் பொட்டுக்கடலையும் போதும். மாமியார் வெற்றிலை போடுபவராக இருந்தால், வெற்றிலையும் பாக்கும் இங்கேயே கிடைக்கும். மெல்லும் புகையிலை தடைசெய்யப்பட்டது. அவருடைய மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, 3 மாதத் தேவைக்கு மேற்படாமல் கொண்டுவாருங்கள். தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது கொசுவைப் பற்றி. பூசணம் பொருளைத்தான் கெடுக்கும். கொசு உங்கள் குழந்தையைப் படுக்கையில் தள்ளும். 2020-இல் மட்டும் இந்தச் சிறு தீவில் 35,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. உங்கள் வீட்டுக்குள், தெளிந்த நீரில், ஒரு 20 காசு நாணயத்தின் அளவுக்குத் தேங்கினாலே போதும், முட்டையிலிருந்து ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். அது பகலில் கடிக்கும், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும். ஆகவே இரவில் வலை கட்டித் தூங்குவது மட்டும் குழந்தையைக் காக்காது.

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் கதவைத் தட்டி வீட்டைச் சோதிப்பார்கள். புழு இருந்தால் அபராதம் 200 வெள்ளியிலிருந்து தொடங்கும். நம்மவர் வீடுகளில் அவர்கள் எங்கே பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்: துளசித் தொட்டியின் அடித்தட்டு, பூ மிதக்கும் உருளி, பூஜையறைச் செம்பு, குளியலறையில் பழக்கத்தால் பிடித்து வைக்கும் வாளித் தண்ணீர், மூங்கில் கழி செருகும் குழல், குளிர்பெட்டியின் பின்புறத்து நீர்த்தட்டு. ஒரு முறை பக்கத்து வீட்டு அம்மையார், "தம்பி, தினமும் தண்ணி மாத்துறேனே, அப்புறம் எப்படிப் புழு வந்துச்சு?" என்று கலங்கிப்போய் என்னிடம் செம்பைக் காட்டினார். அதைச் சாய்த்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கழுத்தின் உட்புறத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கரித்துகள் தூவியது போல முட்டைகள் ஒட்டியிருந்தன. ஏடிஸ் முட்டையை நீரில் இடுவதில்லை, நீருக்கு மேலுள்ள ஈரமான விளிம்பில் இடுகிறது. காய்ந்த நிலையிலும் அவை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கின்றன. அவர் நீரைத்தான் மாற்றினார், விளிம்பைத் தேய்க்கவில்லை. எனவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீரை மாற்றும்போது நாரால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். இங்கே குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் வரும். பிடித்து வைக்கத் தேவையே இல்லை. காலி வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள்.

சில பேட்டைகளில் வாரியமே கொசுக்களைப் பறக்கவிடுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். அவை வொல்பாக்கியா என்ற நுண்ணுயிர் ஏற்றப்பட்ட ஆண் கொசுக்கள். ஆண் கொசு கடிக்காது, அவற்றோடு சேர்ந்த பெண் கொசுக்களின் முட்டைகள் பொரிப்பதில்லை. புளோக்கின் கீழே டெங்கி எச்சரிக்கைப் பதாகை கட்டியிருந்தால் குழந்தைக்கு முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டிக் களிம்பும் தவறக் கூடாது.

குழந்தைக்கு முதல் மாதத்தில் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் வியர்க்குரு வரும். இரண்டு வேளைக் குளியலும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். பவுடரை அப்பினால் வியர்வையில் குழைந்து இன்னும் அடைக்கும். மாமியாரை மாலை ஆறு மணிக்குப் பிறகு நடக்கச் சொல்லுங்கள். இங்கே ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆனி முதல் ஐப்பசி வரையிலான காலத்தில் சில ஆண்டுகளில் இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடு எரிந்து புகைமூட்டம் வரும். 2013 ஜூன் 21-இல் காற்றுத்தரக் குறியீடு 401-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே ஆபத்தான நிலை. வீட்டில் யாருக்காவது இளைப்பு இருந்தால் என்95 முகக்கவசம் சிலவற்றை வாங்கி வைத்திருங்கள்.

ஒரு வேலை மட்டும் மீதி இருக்கிறது. அது நீங்கள் முதல் முறை ஊருக்குக் கிளம்பும் நாளுக்கானது. பயண அவசரத்தில் எல்லாரும் இதைத்தான் மறக்கிறோம். கிளம்புவதற்கு முதல் நாளே துவைப்பதை முடித்துவிடுங்கள், ஈரத்துணி ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. அலமாரிக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்தே விடுங்கள். துவைக்கும் இயந்திரத்தின் மூடியையும் திறந்து வையுங்கள். பூஜைச் செம்பையும் உருளியையும் தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். துளசித் தொட்டியைப் பக்கத்து வீட்டில் ஒப்படையுங்கள். கழிப்பறை மூடியைச் சாத்தி, குளியலறைத் தரைத் துவாரங்களையும் மூடுங்கள். ஒரு சாவியைப் பக்கத்து வீட்டாரிடமோ நம்பிக்கையான நண்பரிடமோ கொடுத்து, வாரம் ஒரு முறை வந்து கழிப்பறையில் நீர் விட்டு, வெயிலுள்ள பிற்பகலாகப் பார்த்துச் சன்னல்களைத் திறந்து, இரண்டு மணி நேரம் எல்லா மின்விசிறிகளையும் ஓடவிட்டு அடைக்கச் சொல்லுங்கள். திரும்பும்போது அவருக்கு மதுரையிலிருந்து வடகமும் மல்லிகைப்பூவும் கொண்டுவந்து கொடுத்தால், அடுத்த முறை அவராகவே சாவி கேட்பார்.